அப்பா வாங்கிய அறுநூறு

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் கடைவரிசையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் முடிவெட்டும் கடை, மறுபக்கம் பூமாலைக் கடை. யாராவது மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், அதைக் குப்புறத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்ப்பேன். பார்த்ததும் என் வாயிலிருந்து வரும் முதல் சொல் பெரும்பாலும் "பழசு" என்பதுதான். சொல்லிச் சொல்லி அதற்கென்று ஒரு தோரணையே வந்துவிட்டது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வாரே, அந்த மாதிரி.

இதே சொல்லை நான் முதலில் கேட்டபோது மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

கதை தொடங்கியது 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம். நான் ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியிலிருந்து காசு எடுத்துக் கணினி வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு திட்டம் இருந்தது. கணினியே வாங்காமல் கடைக்காரரிடம் ரசீது மட்டும் வாங்கிக் காசாக மாற்றிக்கொண்டவர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இரண்டு பேர். இப்படிப்பட்ட தில்லுமுல்லு பெருகிப்போய் அந்தத் திட்டத்தைப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. பாரத்தில் கணினி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று, கணினிதான் வாங்க வேண்டும். பட்டர்வொர்த்துக்கு பஸ், அங்கிருந்து பினாங்குக்கு ஃபெரி, இறங்கி நடந்தால் கணினிக் கடைகள் இருந்த கொம்தார் கட்டடம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கல்யாண வீட்டுக்குப் போவது போல.

கடைக்காரர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. மலாயில் பேசினார். பென்டியம் த்ரீ சில்லு, ரேம் என்கிற நினைவகம் 64 எம்பி, 10 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15 அங்குலத் திரை, 56கே மோடம், விண்டோஸ் 98. மொத்தம் 3,200 வெள்ளி. அப்பாவுக்கு அது ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல். இத்தனை சொல்லியும் அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தவுக்கே கடைசியாக ஸ்பீடைச் சொன்னார். 600 மெகாஹெர்ட்ஸ்.

"என்னா, அறுநூறா?" என்று அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அறுநூறு என்றால் என்னவென்று தெரியும். ஆர்.ஆர்.ஐ.எம். 600. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய மர இனம். நன்றாகப் பால் கொடுக்கும் என்று மலேசியாவில் நட்டார்கள், தாய்லாந்திலும் ஏராளமாக நட்டார்கள். அப்பா வாழ்நாளில் வெட்டிய மரத்தில் பாதிக்கு மேல் அதுதான். "அறுநூறு நல்ல ஜாதி, தம்பி. இதையே எடுத்துக்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன விஷயம் என்று தெரியாமல் தவுக்கேயும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நான்கு மாதம் முன்பே கதை முடிந்திருந்தது என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி ஏஎம்டி நிறுவனமும், இரண்டே நாள் கழித்து, பென்டியத்தைச் செய்யும் இன்டெலும் 1,000 மெகாஹெர்ட்ஸ் சில்லுகளை அறிவித்துவிட்டன. நாங்கள் ஃபெரியில் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தபோதே அறுநூறு நடுத்தரச் சரக்கு. ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால் இன்டெலின் உச்சம் அதுதான்.

அம்மா பழைய பாவாடைத் துணியில் திரைக்கு ஓர் உறை தைத்தார். தோட்டத்துச் செம்மண் தூசி போகாத இடமில்லை என்பதால் சிபியுவுக்கும் ஒன்று. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. சாமி படத்துக்குக் கீழே வழக்கம்போல அப்பாவின் பால் வெட்டும் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் கத்தரிக்கோல். அந்த வரிசையில் சிபியுவையும் தூக்கி வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டோம். அப்பாவின் கத்தியை அன்றுதான் அருகில் வைத்துப் பார்த்தேன். தினமும் தீட்டித் தீட்டி அதன் அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. மரப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பள்ளம். எத்தனை வருடக் கத்தி என்று கேட்டேன். நீ பிறப்பதற்கு முன்னால் வாங்கியது என்றார். அதற்குப் பக்கத்தில் மூன்று மாதமே ஆன எங்கள் கணினி, பிளாஸ்டிக் வாடை போகாமல், நெற்றியில் குங்குமத்தோடு.

அடுத்த மாதம், நவம்பர் 20-ஆம் தேதி, பென்டியம் 4 வெளியானது. 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ், அதாவது 1,400, 1,500 மெகாஹெர்ட்ஸ். பேப்பரில் பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் யாருடனும் பேசவில்லை. அப்பா விசாரித்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாலு வந்துட்டா மூணு நின்னு போயிடுமா?" என்று கேட்டார்.

நிற்காதுப்பா, ஓடும் என்றேன்.

"அப்புறம் என்னா?"

அந்தக் கேள்விக்கு பதில் சொல்லத்தான் இருபத்தைந்து வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் ஒரு பதில் இருந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிவதற்கு முன்னால் பினாங்கு போகும் ஃபேக்டரி பஸ்களில் பெண்கள் ஏறிப் போவது நாங்கள் பார்த்து வளர்ந்த காட்சி. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையைத் திறந்ததே பினாங்கில்தான், 1972-இல். அத்தை வேலை செய்தது பாயான் லெப்பாசில் இருந்த வேறொரு மின்னியல் ஆலை. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, நகத்தளவு துண்டுகளில் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்க கடையில புதுசுன்னு வாங்கறீங்களே, அத நாங்க எப்பவோ அனுப்பிட்டு அடுத்தத செஞ்சிக்கிட்டு இருப்போம்டா. கடைக்கு வர்றப்பவே எங்களுக்கு அது பழசு."

எங்கள் தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணியின் மகன் என் வகுப்புத் தோழன். 2001 தொடக்கத்தில் அவனுக்கு பென்டியம் 4 வாங்கிக் கொடுத்தார்கள். பெரிய பெட்டி, மேலே நீல விளக்கு. அவன் வீட்டுக்குப் போனால் அந்த விளக்கு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பது போலவே இருக்கும். ஆனால் அவனுக்கு விழுந்த அடி எனக்கு விழுந்ததைவிடப் பலமானது. முதலில் வந்த பென்டியம் 4 சில்லுகள் சாக்கெட் 423 என்ற அமைப்பில் உட்கார்ந்தன. 2001 ஆகஸ்டில் சாக்கெட் 478 வந்துவிட்டது. முதல் சாக்கெட்டின் ஆயுள் ஒன்பது மாதம், ஒரு கர்ப்ப காலம். போர்டை மாற்றாமல் வேகமான சில்லு போடலாம் என்று அவன் அப்பா நம்பியிருந்தார். அதுவும் போயிற்று. ரேம் வாங்கப் போனால், அதில் இருந்ததோ ராம்பஸ் வகை. சாதாரண ரேமைவிட விலை பல மடங்கு, பாதிக் கடைகளில் சரக்கே கிடையாது. அவன் சோகத்தைக் கேட்டு ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

என் முறை 2002-இல் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. குறைந்தது 64 எம்பி வேண்டும், 128 இருந்தால் நல்லது என்று பெட்டியில் போட்டிருந்தது. என்னிடம் சரியாக 64. ஏற்றிப் பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டு அம்மாவிடம் போய்த் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் மெனு திறந்திருக்கும். இன்னொரு 64 போட்டால் தீரும் என்று பகுதிநேர வேலையில் சேர்த்த காசோடு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் என் ரேமைக் கழற்றிக் காட்டினேன். இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இனி சுடா லாமா, டேக்" என்றார். பழசாகிவிட்டது, தம்பி. அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

புதிதாக வந்திருந்த டிடிஆர் ரேமை என் ரேமுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே நீளம், ஒரே பச்சை. என்னுடையதில் கீழ்விளிம்பில் இரண்டு வெட்டு, 168 கால்கள். புதியதில் ஒரே வெட்டு, 184 கால்கள். அந்த வெட்டு எதற்கென்றால், தப்பான பலகையை யாரும் தப்பான துளையில் செருகிவிடக் கூடாது என்பதற்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்று எனக்கு அது வாசலில் காவல் நிற்கும் ஜாகாவைப் போலத் தெரிந்தது. இதற்குப் பிறகு டிடிஆர்2, 3, 4, 5 என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் அந்த வெட்டு கொஞ்சம் தள்ளிப் போகும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது எந்த வகை என்று இன்று என்னால் சொல்ல முடியும். அப்பா பட்டையைத் தடவி மரத்தின் வயதைச் சொல்வதைப் போல என்று எழுத ஆசை. ஆனால் அது வேறு வகைத் திறமை, அதற்கு வருகிறேன்.

டெலிபோன் லைன் வழியே இணையத்தில் சேர்க்கும் மோடத்தின் கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். எங்கள் லயத்து வீட்டில் டெலிபோனே கிடையாது. எப்படியும் ஒரு நாள் வரும் என்று வாங்கிய 56கே மோடம், ஒரு தடவைகூடக் கீச்சென்று கத்தாமலே ஐந்து வருடம் உள்ளே உட்கார்ந்திருந்தது. டவுனில் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிமாறி லைன் இழுத்தபோது ஸ்ட்ரீமிக்ஸ் அகன்ற அலைவரிசை இணையம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் மற்றவர்களின் மோடம்களாவது உழைத்துக் களைத்து, மதிய இடி மின்னலில் கருகிச் செத்தன. என்னுடையது கன்னியாகவே காலாவதியானது.

வேகத்தின் கணக்கை இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1997 மே மாதம் பென்டியம் 2 வந்தபோது அதன் உச்ச வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். 2002 நவம்பரில் பென்டியம் 4 மூன்று கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. ஐந்தரை வருடத்தில் பத்து மடங்கு. இதற்கெல்லாம் மூலமாகக் காட்டப்படுவது, பின்னாளில் இன்டெலை நிறுவியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-இல் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை வருடா வருடம் இரட்டிக்கும் என்றார். 1975-இல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். மூரின் விதி, மூரின் விதி என்று புவியீர்ப்பு அளவுக்குப் பேசுகிறோம். அது ஒரு பொறியாளர் போட்ட கணிப்பு. அந்தக் கணிப்பையே எல்லா ஆலைகளும் கால அட்டவணையாக எடுத்துக்கொண்டன. அத்தையின் ஃபேக்டரி பஸ்ஸும் அந்த அட்டவணைப்படிதான் ஓடியது.

பிறகு ஓட்டம் நின்றது. பேப்பரில் அதைப் பெரிதாகப் போட்டதாக ஞாபகம் இல்லை. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சூடு தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு உள்கட்டு மாறியது, ஒரே சில்லில் இரண்டு கோர், நான்கு கோர் என்று வந்தது. ஆனால் வாங்கி வந்த மறுமாதமே வயிறெரியும் காலம் போய்விட்டது. 2012-இல் வாங்கிய ஒரு மேசைக்கணினி, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டது, பக்கத்து முடிவெட்டும் கடையில் இன்றும் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது. பில் போடவும் படம் பார்க்கவும் அதற்கு மேல் என்ன வேண்டும்? பென்டியம் காலத்தில் இத்தனை வயதான கணினியைக் கடையில் வைத்திருந்தால் பூக்கூடைக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகியிருக்கும்.

ஆக, பழையது ஆவதில் இரண்டு வகை இருப்பதாக என் அனுபவம். முதல் வகை, பக்கத்தில் இன்னொன்று ஓடி முந்துவது. என் அறுநூறுக்கு நடந்தது அது. அதில் எனக்கு இப்போது கோபமில்லை. இரண்டாவது வகையை நான் முதலில் கண்டது கணினியில் அல்ல, தோட்டத்தில்.

ரப்பர் கன்று நட்டு, தண்டு ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவு வர ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குப் பிறகே கத்தி வைப்பார்கள். ஒரு பக்கப் பட்டையை வெட்டி முடித்து மறுபக்கம் போவார்கள். அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்திருக்கும், திரும்ப அங்கே வரலாம். கை சுத்தமாக இருந்தால், அதாவது கட்டையில் காயம் படாமல் வெட்டினால், இருபத்தைந்து முப்பது வருடம் மரம் கொடுக்கும். அப்பா பட்டையை விரலால் அழுத்திப் பார்த்து இது இன்னும் எத்தனை வருடம் வரும் என்று சொல்வார். மரத்தின் வயது மரத்தின் உடம்பில் எழுதியிருக்கும். எங்கள் பிரிவில் அவர் வெட்டிக்கொண்டிருந்த காட்டை ஒரு வருடம் அடியோடு சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள். பாலுக்கு வந்த வியாதி எதுவும் இல்லை. கணக்கு மாறியது, அவ்வளவுதான். "பால் வத்திப்போயி வெட்டல. நேத்துகூட பால் பிடிக்கிற மங்கு நெறஞ்சிச்சி" என்று அப்பா வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன அக்டோபரில் தையல்கடை அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அந்த மங்கு ஞாபகம் வந்தது. 2018 தீபாவளிக்கு வாங்கியது. கோர் ஐ5, ஏழாம் தலைமுறை. கீபோர்டில் 'என்' எழுத்து மட்டும் தேய்ந்திருக்கும், மற்றபடி பழுதென்று எதுவுமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் பட்டியலில் உண்டு. பட்டியல் வெளிவந்தது 2021-இல். அக்கா வாங்கி அப்போது மூன்று வருடம். பாதுகாப்புக்காக என்று சொல்லப்படும் காரணம் வெறும் சாக்கு அல்ல. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறார்கள், அதன் பயனும் எனக்குத் தெரியும். ஆனால் அக்காவின் கணினியில் அந்தச் சில்லு இருந்தது. தலைமுறையில்தான் ஒன்று குறைந்தது.

"தம்பி, ஓடிக்கிட்டுதானே இருக்கு? நேத்துகூட இருபது பில்லு அடிச்சேன்."

அப்பாவும் அக்காவும் ஒரே இலக்கணத்தில் பேசுகிறார்கள். ஓடுகிறது, நிறைகிறது, நேற்றுகூட. நான் வாயைத் திறந்தேன், "பழசு" நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் வரை கிடைக்கும், அதற்குப் பதிந்துகொண்டு ஒரு வருடம் ஓட்டலாம் என்றேன். அதுவும் ஒரு தவணைதானே என்று தோன்ற, அவர் சம்மதத்தோடு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தேன். பிரிண்டர் கேட்காமலே வேலை செய்தது, எனக்கே ஆச்சரியம். அக்காவின் ஒரே குறை, கலர் மாறிவிட்டது என்பது. பச்சையை எடுத்துவிட்டு நீலம் வைத்துக் கொடுத்தேன். புது மடிக்கணினி விற்றிருந்தால் எனக்கு வந்திருக்கும் இலாபத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதில் வரவில்லை. அதனால் எல்லோருக்கும் இப்படிச் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கடை வாடகை மாதா மாதம் வருகிறது.

கடைசியாக ஒன்று. இந்தத் தொழிலில் நான் இந்த அளவுக்குப் பார்த்தே இராதது இப்போது நடக்கிறது. ஏ.ஐ.க்கான டேட்டா சென்டர்கள் உலகம் முழுக்க நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. நம் ஜொகூரிலும் கூலாய்ப் பக்கம், நேற்றுவரை செம்பனை நின்ற நிலத்தில் அவை எழும்புகின்றன. சில்லு செய்கிறவர்கள் பெரிய வியாபாரம் இருக்கும் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது. டிடிஆர்5 விலை ஏறியதும் ஆட்கள் டிடிஆர்4-ஐத் தேட, அதுவும் ஏறிவிட்டது. பென்டியம் காலத்திலிருந்து, வாங்கி வைத்த சரக்கு வைத்த இடத்தில் விலை இறங்குவதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். இப்படி ஏறுவது என்பது நகைக்கடையில் நடப்பது.

போன வாரம் தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். அவருடைய கணினிக்கு 8 ஜிபி டிடிஆர்4 வேண்டுமாம். மேசை லாச்சியைத் திறந்தேன். யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழைய ரேம்களில் நல்லதாக ஒன்று கிடைத்தது. விலை சொன்னேன். போன வருடம் புதிதாகவே இதைவிட மலிவாக விற்றது.

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, போன வருஷம் இதே கம்ப்யூட்டரத்தானே நீங்க, டீச்சர் இது பழசு, இதுல காசு போடாதீங்கன்னு சொன்னீங்க?"

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்து நான்கு, காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது மட்டும் கேட்டுவிட்டது போல. பேப்பரைத் தாழ்த்தி, "என்னா சொல்றாங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, அழிரப்பரை எடுத்து ரேமின் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துத் துடைக்கத் தொடங்கினேன். டீச்சர் பத்து வெள்ளி குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.